தனிமர அலுமாரி: மாரிக்கும் கச்சானுக்கும் இடையில் மரம் அசைய எவ்வளவு இடம் விடுவது?

கல்முனையில் புதிதாக வீடு கட்டிய ஒருவர் கேட்டிருப்பது இதுதான். ஆடி மாதத்தில் தனிமரத்தில், அதாவது பிளைவூட் அல்லாத முழுத் தேக்குப் பலகையில், ஓர் உடுப்பு அலுமாரி செய்வித்தார். கதவுகள் சட்டமில்லாத அகலப் பலகைகள். பின்புறம் குறுக்குச் சட்டங்கள் அறையப்பட்டிருக்கின்றன. மார்கழியில் கதவுகள் இறுகின, கீழ் லாச்சி இழுபடவில்லை. ஓடாவி வந்து சீவிக் கொடுத்தார். அடுத்த கச்சானில், அதாவது காய்ந்த கச்சான் காற்று வீசும் காலத்தில், இரு கதவுகளுக்கும் இடையில் பெரிய நீக்கல் விழுந்ததோடு, பக்கப் பலகையொன்று மேலிருந்து கீழாக வெடித்தும் விட்டது. மரம் பழுதா, வேலை பழுதா, இனிச் செய்விக்கும்போது எவ்வளவு இடம் விடச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

மரத்தைக் குறை சொல்ல இதில் பெரும்பாலும் எதுவும் இல்லை. மரம் எந்தத் திசையில் அசையும் என்பதைக் கவனியாமல் அதற்குக் குறுக்கே இன்னொரு மரத்தை அசையாதபடி பூட்டியது ஒன்று. எந்த மாதத்தில் வேலை நடக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்காமல் நீக்கல் விட்டது மற்றொன்று. நமது பகுதியில் இந்த இரண்டாவது காரணத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பதால் அதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

வெட்டிக் காயவைத்த மரத்திலும் நீர் இருந்துகொண்டே இருக்கும். அதன் நுண்ணிய கலங்களின் சுவர்கள் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதனுக்கேற்ப நீரை எடுத்தும் விட்டும், எடுக்கையில் தடித்தும் விடுகையில் மெலிந்தும் கொள்கின்றன. உலர்ந்த மரத்தின் எடைக்கு ஏறத்தாழ 30 வீதம் நீர் என்ற அளவுக்கு மேல் எவ்வளவு ஈரம் இருந்தாலும் பலகையின் அளவு மாறாது. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்கும். இந்த அசைவு எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. நார் ஓடும் நீளவாக்கில் அது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சிறியது. நாருக்குக் குறுக்கே, மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவும், ஆண்டு வளையங்களை ஒட்டிச் செல்லும் திசையில் அதிலும் அதிகமாகவும் அசையும். தேக்கில், ஈரம் ஒவ்வொரு வீதம் மாறும்போதும், முதலாவது திசையில் அகலத்தின் 0.10 வீதமும் இரண்டாவது திசையில் 0.19 வீதமும் மாறும் என்று கொள்ளலாம். மகோகனியில் இவை முறையே 0.17, 0.24 ஆகும். தேக்கைவிட மகோகனி சற்றுக் கூடுதலாக அசைந்தாலும் அதன் இரு திசைகளுக்கும் இடையிலான விகிதம் குறைவு; ஆகவே பலகை குழிந்து வளைவது அதில் குறைவாகவே இருக்கும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் காற்றின் ஈரப்பதன் ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஐப்பசி பிற்பாதியில் தொடங்கித் தை முடியும்வரை வாடைக்காற்றோடு பெருமழை பெய்கிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி இந்த மாதங்களிலேயே விழுந்துவிடும். வைகாசியிலிருந்து ஆவணி வரை, மேற்கே மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வரும் கச்சான் காற்று காய்ந்து சூடாக வீசுகிறது. காற்றின் ஈரப்பதன் பல வாரங்கள் 80 வீதத்தில் நின்றால் அதிலுள்ள மரம் ஏறத்தாழ 16 வீத ஈரத்தில் வந்து நிற்கும். 65 வீதத்தில் நின்றால் 12 வீதத்துக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். இரவிலும் பகலிலும் ஏறி இறங்குவதை மரம் உடனே பின்பற்றுவதில்லை. வாரங்களின் சராசரியையே அது மெதுவாகப் பின்தொடர்கிறது. எனவே வீட்டுக்குள் வைக்கும் தளபாடத்துக்கு மாரியில் 16, கச்சானில் 12 என்று வைத்து 4 வீத மாற்றத்துக்கு இடம் விடுவது நமது பகுதிக்குப் பொருத்தமான கணக்கு. வாவியோரத்திலும் கடலோரத்திலும் உள்ள வீடுகளில் கோடையிலும் மரம் அவ்வளவு காயாது. அம்பாறை நகரைப் போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் இன்னும் ஒரு வீதம் கீழே போகலாம். நாள் முழுவதும் குளிரூட்டி ஓடும் அறையில் காற்று 50 முதல் 55 வீத ஈரப்பதனில் நிற்கும் என்பதால், அங்கே மரம் 9 அல்லது 10 வீதத்துக்கே இறங்கிவிடும். அவ்வாறான அறைக்குச் செய்வதாயின் மாற்றத்தை 6 வீதமாகக் கொள்ளுங்கள்.

இனி இதை உங்கள் அலுமாரியில் பொருத்திப் பார்க்கலாம். அலுமாரியின் ஆழம் 550 மில்லிமீற்றர் என்றும் பக்கப் பலகையின் முகத்தில் வளைய வரிகள் அகலமான கோபுரங்களாகத் தெரிகின்றன (அதாவது பலகையின் அகலம் ஆண்டு வளையங்களை ஒட்டிய இரண்டாவது திசையில் செல்கிறது) என்றும் வைத்துக்கொண்டால், 550ஐ 0.19 வீதத்தாலும் 4 ஆலும் பெருக்க, ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் வருகிறது. அதே பலகை, வரிகள் நேராகவும் நெருக்கமாகவும் ஓடும்படி, அதாவது அகலம் முதலாவது திசையில் வரும்படி அறுக்கப்பட்டிருந்தால் 2 மில்லிமீற்றருக்குச் சற்று மேல்தான் அசையும். மகோகனியில் கோபுர வரிப் பலகையாயின் 5 மில்லிமீற்றரைத் தாண்டும். 2 மீற்றர் உயரமுள்ள அந்தப் பலகை உயரத்தில் அசைவதை நீங்கள் அளவுகோலால் காண முடியாது. ஆழம் மட்டுமே மாறுகிறது. உயரமும் அகலமும் மாறுவதில்லை. நல்ல அலுமாரியின் அமைப்பு முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது.

பெட்டியின் இரு பக்கங்கள், மேற்பலகை, அடிப்பலகை ஆகிய நான்கிலும் நார் மூலைக்கு மூலை தொடர்ந்து ஓடும்படி வைத்தால், நான்கும் முன்பின்னாக ஒன்றாகவே விரிந்து ஒன்றாகவே சுருங்கும். அவற்றைப் பசையிட்டு இறுக்கிப் பூட்டுவதில் தவறே இல்லை. நான்கும் ஒரே மரமாக, ஒரேவிதமாக அறுக்கப்பட்டவையாக இருந்தால் மேலும் நல்லது. அந்தப் பெட்டிக்குள் குறுக்கே வைப்பவற்றில்தான் சிக்கல் தொடங்குகிறது. லாச்சியைத் தாங்கும் சட்டம் பக்கப் பலகையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை கிடையாக ஓடுகிறது. அதன் நார் பக்கப் பலகையின் நாருக்குச் செங்குத்து. சட்டம் நீளத்தில் அசையாது, பலகையோ 4 மில்லிமீற்றர் அசைய வேண்டும். நான்கு ஐந்து திருகாணிகளாலும் பசையாலும் சட்டத்தை இறுக்கிவிட்டால் மாரியில் விரிய முற்படும் பலகைக்கு இடமில்லை. அது நின்றுவிடாது, விரிய முடியாத நார்கள் தம்மைத் தாமே நசுக்கிக்கொள்கின்றன. நசுங்கிய நார் காயும்போது பழைய அளவுக்குத் திரும்புவதில்லை, அதைவிடக் குறுகிவிடுகிறது. எனவே அடுத்த கச்சானில் பலகை செய்த நாளில் இருந்ததைவிடச் சிறியதாக முயல்கிறது. இப்போது அதே சட்டம் அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நார்களுக்கிடையில் பலவீனமான ஓரிடம் பிளந்து கொடுக்கிறது. நன்றாகக் காய்ந்த மரத்தில் ஆடியில் செய்த அலுமாரி அடுத்த ஆடியில் வெடிப்பதற்கு இதுவே காரணம். அந்த வெடிப்பு கோடையில் கண்ணில் பட்டாலும், அது உருவானது மாரியில்தான்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. சட்டத்தின் முன்முனையை மட்டும் பசையிட்டு ஒரு திருகாணியால் இறுக்கி, மீதித் திருகாணிகளுக்குச் சட்டத்தில் நீள்துளை இட வேண்டும். 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள திருகாணிக்கு, பின்முனையில் 9 அல்லது 10 மில்லிமீற்றர் நீளமான துளை போதும். நடுவில் அதன் பாதி அசைவே உள்ளதால் சிறியதாக இடலாம். இங்கேதான் மாதம் வருகிறது. மாரியில் வேலை செய்கிறீர்கள் என்றால் பலகை ஏற்கெனவே விரிந்து நிற்கிறது, இனிச் சுருங்கத்தான் போகிறது. ஆகவே திருகாணியை நீள்துளையின் பின்னோரத்தில் வைக்க வேண்டும். கச்சானில் செய்வதாயின் முன்னோரத்தில் வைக்க வேண்டும். பாதித் துளையில் கண்ணை மூடிக்கொண்டு அறைந்தால், விட்ட இடத்தில் பாதி வீணாகிவிடும். சட்டத்தின் பின்முனைக்கும் அலுமாரியின் முதுகுக்கும் இடையிலும் 5 மில்லிமீற்றர் விடுங்கள். இல்லையேல் பலகை சுருங்கும்போது சட்டம் முதுகைப் பின்னால் தள்ளிவிடும். கடையில் வாங்கும் இரும்பு லாச்சித் தடங்களிலும் நீள்துளைகள் இருக்கும். பெரும்பாலான ஓடாவிமார் அவற்றைப் பொருத்தும்போது சரிசெய்வதற்கென்று மட்டும் பயன்படுத்தி, பிறகு வட்டத் துளைகளிலும் திருகாணி இட்டுவிடுகிறார்கள். தனிமரப் பக்கங்களில் பின்பக்க வட்டத் துளையை வெறுமையாக விடுவதே சரி. பக்கப் பலகையின் மேல்விளிம்பில் அழகுக்காக ஒட்டும் விளிம்புச் சட்டத்துக்கும் இதே விதிதான்: முன்மூலையில் மட்டும் பசை.

கதவுக்கு வருவோம். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: கதவு பொருந்தும் வாய் அசைவதில்லை. அதன் அகலத்தை மேற்பலகையின் நீளமும், உயரத்தைப் பக்கப் பலகையின் நீளமும் தீர்மானிக்கின்றன, இரண்டும் நார்வாக்கு. அசையாத அந்த வாய்க்குள் அசையும் கதவை வைக்கிறோம். 900 மில்லிமீற்றர் வாயில் 450 மில்லிமீற்றர் அகலமான இரண்டு முழுப்பலகைக் கதவுகளை வைத்தால், மாரிக்கும் கச்சானுக்கும் இடையில் அவை சேர்ந்து ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் மாறும். கச்சானில் செய்யும் ஓடாவி மூன்று நீக்கல்களிலுமாகச் சேர்த்து 8 மில்லிமீற்றர் விட்டாக வேண்டும். அதை எந்த வீட்டுக்காரரும் ஏற்கமாட்டார். எனவே அவர் கண்ணுக்கு அழகாக 2 மில்லிமீற்றர் விடுகிறார், மார்கழியில் கதவு இறுகுகிறது, மார்கழியில் சீவுகிறார், ஆடியில் நீக்கல் விழுகிறது. உங்கள் வீட்டில் நடந்தது அப்படியே இதுதான். முழுப்பலகைக் கதவு வேண்டுமென்றே இருந்தால் அதை வாய்க்குள் வைக்காமல் வாயின் முகத்தை மூடும்படி வெளியே வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படும் வழி.

வாய்க்குள் வைக்கும் கதவுக்குச் சட்டமும் நடுப்பலகையும் கொண்ட அமைப்பே ஏற்றது. 60 மில்லிமீற்றர் அகலமான நான்கு நெடுஞ்சட்டங்கள் சேர்ந்து 240 மில்லிமீற்றர்தான். அவற்றின் மாற்றம் 2 மில்லிமீற்றருக்கும் குறைவு. குறுக்குச் சட்டங்கள் நீளத்தில் அசையாததால் கதவின் அகலத்தில் மாறுவது அந்த நெடுஞ்சட்டங்கள் மட்டுமே. நடுப்பலகையின் அசைவு முழுவதும் சட்டத்தின் காடிக்குள், அதாவது பலகையின் விளிம்பு நுழையும் பள்ளத்துக்குள், ஒளிந்துகொள்கிறது. அப்படியாயின் கச்சானில் செய்யும் கதவுச் சோடிக்கு இடம், நடு, வலம் என்ற மூன்று இடத்திலும் ஒவ்வொரு மில்லிமீற்றர் விட்டால் போதும்; மாரியில் செய்தால் அரை மில்லிமீற்றர் போதும், கோடையில் அது தானாக ஒரு மில்லிமீற்றராகும். மேலும் கீழும் எந்த மாதத்திலும் ஒன்றரை மில்லிமீற்றர் நிலையாக விடலாம், ஏனெனில் நெடுஞ்சட்டம் உயரத்தில் மாறப்போவதில்லை. மாசி, பங்குனி போன்ற இடைப்பட்ட மாதங்களில் நாட்காட்டியை நம்பாமல், மரத்தின் ஈரத்தைக் காட்டும் கருவியான ஈரமானியால் அளந்து, 12க்கும் 16க்கும் இடையில் எங்கே நிற்கிறோம் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

நடுப்பலகையைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் சரியான அமைப்பைத் தெரிவுசெய்த பின்னும் இங்கேதான் வேலை கெட்டுப்போகிறது. சட்டத்தின் காடி 10 முதல் 12 மில்லிமீற்றர் ஆழமாக இருக்கட்டும். 340 மில்லிமீற்றர் அகலமான தேக்கு நடுப்பலகை இரண்டரை மில்லிமீற்றர் அசையும். கச்சானில் செய்தால் பலகையின் இரு விளிம்புக்கும் காடியின் அடிக்கும் இடையில் இரண்டிரண்டு மில்லிமீற்றர் வெறுமையாக இருக்க வேண்டும். மாரியில் செய்தால் அரை மில்லிமீற்றர் இருந்தால் போதும், ஆனால் விளிம்பு காடிக்குள் நன்றாக ஆழமாக நுழைந்திருக்க வேண்டும், இல்லையேல் கோடையில் வெளியே வந்துவிடும். பலகைக்கு எங்கும் பசை இடக்கூடாது. மூலைப் பொருத்தில் இட்ட பசை வழிந்து பலகையின் மூலையில் பட்டாலே போதும், பலகை ஒரு பக்கம் பிடிபட்டு நடுவில் வெடிக்கும். பொருத்துவதற்கு முன் பலகையின் மூலைகளில் மெழுகு தேய்த்துவிடுங்கள். பலகை ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்க, மேலும் கீழும் அகலத்தின் சரிநடுவில் மட்டும் ஒவ்வொரு சிறு ஆணி பின்புறமாக அறையலாம். அப்போது அசைவு இரு பக்கமும் சமமாகப் பிரியும். பொலிஷ் பூசுவதைச் சட்டத்தைப் பூட்டிய பிறகு வைத்துக்கொள்ளாமல், நடுப்பலகையை மட்டும் முன்னதாகவே விளிம்புவரை பூசி முடித்துவிட வேண்டும். பின்னர் பூசினால் பலகை சுருங்கும்போது காடிக்குள் இருந்த பூசாத மரம் வெண்கோடாக வெளித்தெரியும். அதோடு காடியில் தேங்கும் வார்னிஷும் பசையைப்போலப் பலகையைப் பிடித்துக்கொள்ளும்.

லாச்சியின் முகப்பலகையில் நார் கிடையாக ஓடுவதால் அது அசைவது உயரத்தில். 250 மில்லிமீற்றர் உயரமுள்ள கீழ் லாச்சி ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வளரும், 100 மில்லிமீற்றர் உயரமுள்ள மேல் லாச்சி ஒரு மில்லிமீற்றர்கூட வளராது. மாரியில் எப்போதும் கீழ் லாச்சியே முதலில் இறுகுவதற்குக் காரணம் இதுதான். எல்லா லாச்சிக்கும் ஒரே நீக்கல் விடுவது தவறு. லாச்சியின் அடிப்பலகையைத் தனிமரத்தில் இடுவதானால் நார் இடமிருந்து வலமாக ஓட, பலகையைப் பின்புறமிருந்து காடிக்குள் செருகி, முன்னால் மட்டும் பசையிட்டு, பின்னால் நீள்துளையில் ஒரு திருகாணி இடுங்கள்.

அலுமாரியின் முதுகுக்குத் தனிமரம் தேவையென்று நான் கருதவில்லை. நல்ல பிளைவூட் அசையாது, பெட்டியையும் சதுரமாகப் பிடித்துக்கொள்ளும். தனிமரமே வேண்டுமென்றால் ஒடுக்கமான பலகைகளை விளிம்பு விளிம்பின்மேல் ஏறும்படி அடுக்கி, ஒவ்வொன்றையும் அதன் நடுவில் மட்டும் மேலும் கீழும் ஒவ்வோர் ஆணியால் பிடிக்க வேண்டும்.

வார்னிஷ் நன்றாகப் பூசினால் மரம் அசையாது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். எந்தப் பூச்சும் ஈரத்தை முழுமையாகத் தடுப்பதில்லை, தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஒரு வார மழையை அது தாங்கும், மூன்று மாத மாரியைத் தாங்காது. இருந்தாலும் அந்தத் தாமதம் பெறுமதியானது, உள்ளும் புறமும் ஒரே அளவாகப் பூசினால். வெளிமுகத்தை மட்டும் பளபளப்பாகப் பூசி உள்முகத்தை வெறுமையாக விடும் வழக்கம், உள்முகம் மட்டும் விரைவாக ஈரத்தை எடுத்துப் பலகை வளைவதற்கு வழிசெய்கிறது. அதே காரணத்துக்காகப் புதுச்சுவரோடு ஒட்டி அலுமாரியை வைக்காதீர்கள். புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவர் பல வாரங்கள் ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கும். சுவரிலிருந்து 25 மில்லிமீற்றர் தள்ளியும் நிலத்திலிருந்து கால்களில் உயர்த்தியும் வைத்தால் காற்று ஓடும்.

இந்தக் கணக்குகள் யாவும் மரம் ஏற்கெனவே காய்ந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. மரக்காலையில் வாங்கும் பலகை 20 வீதத்துக்கு மேல் ஈரத்தோடு இருந்தால் எந்த நீக்கலும் உதவாது. ஈரமானி இல்லாவிட்டாலும் அளக்கலாம்: பலகையின் முனையிலிருந்து ஓரடி உள்ளே ஒரு சிறு துண்டை வெட்டி உடனே நிறுத்து, 103 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எடை மேலும் குறையாத வரை அடுப்புப் பெட்டியில் உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். 60 கிராம் துண்டு 52 கிராமில் நின்றால், இழந்த 8 கிராமை 52ஆல் வகுக்க, 15 வீதத்துக்குச் சற்று மேல் வருகிறது. மாரிக்காலத்தில் அந்தப் பலகை வேலைக்கு ஏற்றது, ஆடியில் அதே அளவு வந்தால் இன்னும் சில வாரங்கள் வீட்டுக்குள் இடைச்சட்டம் வைத்து அடுக்கிக் காயவிட வேண்டும்.

உங்களிடம் இப்போது இருக்கும் அலுமாரியைக் கைவிடத் தேவையில்லை. வெடிப்பை உடனே மக்கு இட்டு அடைக்க வேண்டாம். காய்ந்த காலத்தில் இறுக்கி அடைத்தால், மாரியில் மூட முயலும் வெடிப்பை மக்கு நெருக்கி, நார்களை மேலும் நசுக்கும். முதலில் பக்கப் பலகையின் உட்புறத்தில் கிடையாக இறுக்கியிருக்கும் சட்டங்களைக் கழற்றுங்கள். பசையும் இட்டிருந்தால் உளியால் பிரித்தெடுக்க நேரிடும். முன்துளையைத் தவிர மற்றவற்றை நீள்துளையாக்கி மீண்டும் பொருத்திய பிறகு, பலகை தன்போக்கில் அசையத் தொடங்கியிருக்கும். அப்போது வெடிப்புக்குள் நார் ஒத்து ஓடும் மெல்லிய தேக்குக் கீற்றைப் பசையிட்டுச் செருகிச் சீவிவிடலாம். கதவின் குறுக்குச் சட்டங்களிலும் நடுத் திருகாணியை அப்படியே விட்டு, ஓரத்துத் திருகாணிகளின் துளையை நீட்டுங்கள். கூடுதலாகச் சீவப்பட்ட கதவுகளைப் பொறுத்தவரை, பிணைச்சல் பக்க விளிம்பில் தேவையான தடிப்புக்குத் தேக்குக் கீற்று ஒட்டலாம்; நார் கதவின் நாரோடு சேர்ந்து ஓடுவதால் அது பிரியாது, ஒட்டிய கோடும் பிணைச்சலின் ஓரத்தில் பெரிதாகத் தெரியாது. இந்த வேலையை ஆடி, ஆவணியில் செய்து, மாரிக்கு வேண்டிய 8 மில்லிமீற்றரை நீக்கல்களில் விட்டுவையுங்கள். அந்த இடைவெளி தெரிவது பிடிக்காவிட்டால், ஒரு கதவின் உட்புற விளிம்பில் 20 மில்லிமீற்றர் அகலமான மறைப்புச் சட்டம் ஒன்றை, நடு நீக்கலை மூடும்படி நெடுக்காகப் பொருத்திக்கொள்ளலாம். கீழ் லாச்சியின் முகப்பலகையில் மேல்விளிம்பை மட்டும் 2 மில்லிமீற்றர் சீவி, சீவிய இடத்துக்கும் அன்றே பொலிஷ் பூசிவிடுங்கள்.